கொப்புளிச்சுத் துப்பு, மருமகனே

வா மருமகனே, இப்படித் திண்ணையில ஒக்காரு. வர்ற திங்கக்கெழமை ஒன் வாய்க் கட்டிக்குக் கரண்டு, அதான் கதிர்வீச்சு வைத்தியம், வைக்க ஆரம்பிக்காகளாமே. ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. அதனால ஒனக்கு வாய்ப்புண்ணு வர்றதுக்கு முன்னாலயே வைத்தியமெல்லாம் வரிசையில நிக்கி. டீக்கடைக்காரரு படிகாரத்தக் கரைச்சு ஊத்தச் சொல்றாரு. தையக்கடைக்காரரு கருவேலம்பட்டக் கசாயம்ங்காரு. ஒன் சின்ன மாமியா மணத்தக்காளியப் பச்சையா மெல்லச் சொல்லுதாக. துபாய்க்கார மச்சான் நீலக் கலர்ல ஒரு பாட்டில வாங்கியாந்து குடுத்திருக்கானாம். மூடியத் தொறந்தா பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கண்ணு கலங்குதாம். இம்புட்டுப் பேரும் எந்தக் காலேசுல படிச்சாகன்னு மட்டும் யாரும் கேக்கல.

நானும் படிக்கல. ஆனா இந்த ஊர்ல யாருக்குக் கன்னத்துல, நாக்குல, தொண்டையில கட்டி வந்தாலும் மதுரைக்குத் தொணைக்குப் போற ஆளு நான்தான். எனக்கு வேல வெட்டி கெடையாது, பஸ்ஸுல ஜன்னலோரம் பிடிக்கும், அவ்வளவுதான் தகுதி. கரண்டு ரூமுக்கு வெளிய பெஞ்சுல ஒக்காந்து ஒக்காந்தே பாதி டாக்டராயிட்டேன். மீதிப் பாதிக்கு எம் பேத்தி இருக்கா, நர்சுக்குப் படிக்கா. வெளிநாட்டு ஆராய்ச்சியெல்லாம் போன்ல பாத்து வாசிச்சுச் சொல்லுவா. நான் கண்ண மூடிக் கேட்டுக்குவேன். தூங்குறேன்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் வெவரமாவே சொல்லுவா.

மொதல்ல இந்தப் புண்ணு ஏன் வருதுன்னு தெரிஞ்சுக்கோ. ஓட்டை ஓட்டையா ஒரு பிளாஸ்டிக் முகமூடிய மூஞ்சில போட்டு மேசையோட மாட்டுவாக. மிஷினு சுத்தி வரும். கொஞ்ச நேரத்துல எழுப்பி விட்டுருவாக. வலிக்காது. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் தெனமும், சனி ஞாயிறு லீவு, மொத்தம் ஆறேழு வாரம். கரண்ட அளக்குற அளவு கிரே; ஒரு நாளைக்கு 2 கிரே, எல்லாம் சேந்து 60ல இருந்து 70 கிரே வரைக்கும் போகும்னு கணக்கு வச்சிருப்பாக. மொத வாரம் ஒரு மண்ணும் தெரியாது. 'மாமா சும்மா பயமுறுத்துறாரு'ன்னு சொல்லிக்கிட்டே பரோட்டாவும் சால்னாவும் திம்ப. தின்னு. அந்த ருசிய நல்லா ஞாபகம் வச்சுக்கோ, கொஞ்ச நாளைக்கு ஞாபகத்துலதான் திங்கணும்.

வாய்க்குள்ள இருக்குற மெல்லிசுத் தோலு இருக்கே, அது ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா பழசு உதிந்து புதுசு ஏறிக்கிட்டே இருக்கும். கரண்டு கட்டிய அடிக்கையில, புதுத்தோலு மொளைக்கிற அடித்தட்டையும் சேத்துத்தான் அடிக்கும். நாத்தாங்கால் கருகிப்போனா வயல்ல நடுறதுக்கு நாத்து ஏது? மேல இருக்குறது தேய்ஞ்சுபோற வரைக்கும் எல்லாம் பச்சையாத்தான் தெரியும். ரெண்டாவது வாரம் முடிஞ்சு மூணாவது வாரம் பொறக்கையில வாய் செவக்கும், எரியும். பெறகு வெள்ளப் படலமாப் புண்ணு விழும். எச்சி சொரக்குற சுரப்பியும் அடிவாங்குறதுனால வாயி வறண்டு, இருக்குற எச்சியும் பிசினாக் கெட்டியாயிரும். உலக சுகாதார நிறுவனம் இதுக்கு 0ல இருந்து 4 வரைக்கும் மார்க்கு வச்சிருக்கு. ரெண்டுன்னா புண்ணு இருந்தாலும் சோறு எறங்கும். மூணுன்னா கஞ்சித்தண்ணி மட்டும். நாலுன்னா வாய் வழியா ஒண்ணுமே போகாது, மூக்குல டியூப்பு. பத்தாங்கிளாஸ்ல நீ வாங்காத மார்க்க இங்க வந்து வாங்கிராத. இந்தப் பரீச்சையில கம்மியா வாங்குறவன்தான் கெட்டிக்காரன்.

இப்ப ஒன் கேள்விக்கு வாரேன். 'மாமா, எந்த மவுத்வாஷ் நல்லதுன்னு சொல்லுங்க, என்ன வெலன்னாலும் வாங்கிருவோம்'னு கேட்ட பாரு, அந்த 'என்ன வெலன்னாலும்'ங்கிற எடத்துலதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஆட்டுக்குட்டிய வித்தாவது வாங்கிருவோம்னு ஒன் பொண்டாட்டியும் தலையாட்டுதா. ஏ தாயி, ஆட்ட விக்காத. ஆப்பத்துக்கு மாவுல போடுவியே சோடா உப்பு, அந்த டப்பாவ எடு. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவச்ச தண்ணியில ஒரு டீஸ்பூன் சோடா உப்பு, அர டீஸ்பூன் சாதா உப்பு. கலக்கு. முடிஞ்சது. தெனம் காலையில புதுசாக் கலக்கணும், நேத்து மிஞ்சினத வச்சு இன்னைக்கு ஒப்பேத்தக் கூடாது.

சிரிக்கான் பாரு. வெல கொறஞ்சா நம்பிக்கையும் கொறஞ்சிரும் ஒனக்கு. சரி, அமெரிக்காக்காரன் சொன்னா நம்புவல்ல? சான் பிரான்சிஸ்கோவுல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல மேரிலின் டாட்னு ஒரு அம்மா, நர்சுப் படிப்புப் பேராசிரியை. 2000ல ஒரு ஆராய்ச்சிய வெளியிட்டாக. கீமோவுல வாய் வெந்தவுகள மூணு கூட்டமாப் பிரிச்சு, ஒரு கூட்டத்துக்கு உப்பும் சோடாவும், ஒரு கூட்டத்துக்குக் கிருமியக் கொல்லுற குளோர்ஹெக்சிடின், ஒரு கூட்டத்துக்கு மரத்துப்போற மருந்தெல்லாம் கலந்த மவுத்வாஷ். கடைசியில பாத்தா, புண்ணு ஆறுறதுல மூணுக்கும் வித்தியாசமே இல்ல. அப்ப எது வெல கம்மியோ அதையே வச்சுக்கிடுவோம்னு எழுதிட்டாக. 2003ல அதே அம்மா கரண்டு வைக்கிறவுகளையும் சோதிச்சாக. வயித்துப் புண்ணுக்குக் குடுக்குற சுக்ரால்ஃபேட்டு ஒரு பக்கம், உப்பும் சோடாவும் மறுபக்கம். அப்பவும் பெருசா வித்தியாசமில்ல. சோடா உப்பு புண்ண ஆத்திரும்னு நான் சொல்லல, கவனிச்சுக்கோ. பிசினாப் போன எச்சிய இளக்கும், புளிப்பக் கொறைக்கும், ஒட்டியிருக்குற சோத்துப் பருக்கையக் கழுவித் தள்ளும். வாய் சுத்தமா இருந்தா புண்ணு மேல இன்னொரு கிருமி வந்து குடியேறாது. அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்ச வேல.

அந்த அமெரிக்காவுலயே இன்னொரு கூத்து. மரக்க வைக்கிற லிடோகெய்ன், அலர்ஜிக்குக் குடுக்குற டைஃபென்ஹைட்ரமின், வயித்தெரிச்சலுக்குக் குடிக்கிற ஆன்டாசிட், மூணையும் ஒண்ணாக் கலந்து ஒரு மவுத்வாஷ். அதுக்கு அவன் வச்ச பேரு 'மேஜிக் மவுத்வாஷ்'. வருசக்கணக்கா எழுதிக் குடுத்துக்கிட்டே இருந்துட்டு, பெறகுதான் மேஜிக்கு இருக்கான்னு ஒழுங்காச் சோதிச்சுப் பாத்தாக. தலை, கழுத்துப் பக்கம் கரண்டு வச்ச 275 பேரு. சில பேருக்கு அந்த மேஜிக்கு, சில பேருக்கு மனச்சோர்வுக்குக் குடுக்குற டாக்ஸெபின்னு ஒரு மருந்தக் கரைச்ச தண்ணி, சில பேருக்குச் சும்மாத் தண்ணி. நாலு மணி நேரம் வலி எம்புட்டுக் கொறையுதுன்னு அளந்தாக. 2019ல ஜாமா பத்திரிகையில வந்துச்சு. சும்மாத் தண்ணிய விட ரெண்டுமே வலியக் கொறைச்சது நெசம். ஆனா நோயாளி 'அப்பாடா'ன்னு சொல்ற அளவுக்குக் கொறையணும்னா 3.5 புள்ளி வித்தியாசம் வேணும்னு முன்கூட்டியே கோடு போட்டிருந்தாக. மேஜிக்கு 3 புள்ளி, டாக்ஸெபின் 2.9. கோட்டத் தொடல. டாக்ஸெபின் கொப்புளிச்சவுகளுக்குத் தூக்கம் வேற, வாயில எரிச்சல் வேற.

இதக் கேட்டுட்டு, 'அப்ப மரக்க வைக்கிற மருந்தே வேண்டாமா'ன்னு கெளம்பிராத. மூணு புள்ளின்னாலும் ஒரு வாய்க் கஞ்சி எறங்குனா லாபம்தான். டாக்டரம்மா எழுதிக் குடுத்தா சாப்பாட்டுக்கு முன்னால கொப்புளி. ஆனா சூடா எதையும் வாயில வைக்காத, பொறுமையா முழுங்கு. மரத்துப்போன வாயிக்குச் சூடும் தெரியாது, கன்னத்தக் கடிச்சதும் தெரியாது, தொண்டையில பொரையேறுனாலும் சட்டுன்னு தெரியாது. போன தடவ என்கூட வந்த ஒருத்தரு, மருந்து வேல செய்யுதுங்குற சந்தோசத்துல கொதிக்கக் கொதிக்கக் காப்பியக் குடிச்சு வச்சாரு. கரண்டு வைக்காத எடமும் வெந்துபோச்சு.

நெசமாவே காசு குடுத்து வாங்க வேண்டிய பாட்டிலு ஒண்ணு உண்டு. பென்சிடமைன். வீக்கத்தையும் வலியையும் கொறைக்கிற சரக்கு, 0.15 சதவீதம். பல நாட்டுப் புற்றுநோய் டாக்டருங்க சேந்து 2020ல ஒரு வழிகாட்டி போட்டாக. 50 கிரேக்குக் கம்மியாக் கரண்டு வைக்கிறவுகளுக்குப் புண்ணு வராமத் தடுக்க இதக் குடுங்கன்னு அதுல அழுத்திச் சொல்லியிருக்கு. கரண்டோட கீமோவும் ஏறுதுன்னா 'குடுக்கலாம்'னு கொஞ்சம் கொரலத் தணிச்சுச் சொல்லுது. ஒனக்கு 50 கிரேக்கு மேல போகுங்கிறதால டாக்டரக் கேட்டுக்கோ. இதுல நம்மாளுக செய்யிற கூத்து என்னன்னா, புண்ணு விழுந்து வாயத் தொறக்க முடியாமப் போன பெறகுதான் கடைக்கு ஓடுவாக. இது புண்ணு வர்றதுக்கு முன்னால, கரண்டு வைக்கிற மொத நாள்லயே தொடங்க வேண்டியது. வெந்த வாயில ஊத்துனா அதுவே சுரீர்னு எரியும். அப்ப தண்ணி கலந்துக்கலாமான்னு நர்சம்மாகிட்டக் கேளு. எரியுதுன்னு பாட்டிலத் தூக்கி எறிஞ்சிட்டு வந்து, 'மருந்து சரியில்ல மாமா'ன்னு எங்கிட்ட நிக்காத.

அதே வழிகாட்டிதான் ஒன் மச்சான் பாட்டில் வகையறாவுக்கும் பதில் சொல்லுது. குளோர்ஹெக்சிடின் பல்லு ஈறுக்குக் குடுக்குறது தனிச் சங்கதி, அத டாக்டரு பாத்துக்கிடுவாரு. கரண்டுப் புண்ணத் தடுக்கணும்னு அதக் கொப்புளிக்காதீகங்குது. சுக்ரால்ஃபேட்டும் வேண்டாங்குது. நீலக் கலர் பாட்டில்ல சாராயச் சத்து இருக்கான்னு லேபிளப் பாரு. இருந்தா வெந்த வாய இன்னும் வறட்டி எரியவிடும். அத மச்சானுக்கே திருப்பிக் குடு; அவன் பேசுற பேச்சுக்கு அவன் வாயத்தான் கழுவணும். படிகாரமும் கருவேலம்பட்டையும் நல்ல வாயிக்கே சுருக்குனு இழுக்கும், புண்ணு வாயில வைக்காத. மணத்தக்காளி வேணும்னா காரமில்லாம தேங்காப்பால் ஊத்திக் கொழையச் சமைச்சுச் சாப்பிடு, அது சாப்பாடு. சாதா வாய்ப்புண்ணுக்குக் கேக்குற கீர, நாத்தாங்கால் கருகுன புண்ணுக்கும் கேக்கும்னு சின்ன மாமியாகிட்ட ஆரு சொன்னாகளோ.

தேனப் பத்தி நீயே கேப்பன்னு தெரியும். கேக்கத்தான் வேணும், அதுல வெசயம் இருக்கு. மலேசியாவுல கிளந்தான் பக்கம் கூபாங் கெரியான்ல, அங்கத்தப் பல்கலைக்கழக ஆசுபத்திரியில 40 பேருக்குச் சோதிச்சு 2003ல வெளியிட்டாக. பாதிப் பேருக்குக் கரண்டுக்குக் கால்மணி முன்ன 20 மில்லி, கால்மணி பின்ன 20 மில்லி, ஆறுமணி நேரங் கழிச்சு 20 மில்லி தேன். வாயில சுத்தி மெதுவா முழுங்கணும். மூணு நாலு மார்க்குப் புண்ணு தேன் குடிக்காதவுகள்ல நூத்துக்கு 75 பேருக்கு வந்துச்சு, குடிச்சவுகள்ல நூத்துக்கு 20 பேருக்குத்தான். அடேயப்பான்னு வெள்ளக்காரன் மான்செஸ்டர்ல நியூசிலாந்து மானுகா தேன எறக்கிச் சோதிச்சான். 131 பேரு. தேனுக்கு எதிர்ப்பக்கம் வச்சது வெறும் சீனிப்பாகு. கடைசியில தேனும் பாகும் ஒண்ணாத்தான் நின்னுச்சு. அதனால 2020 வழிகாட்டி தேனுக்கு 'வேணும்னா பாக்கலாம்'னு ஒரு தலையாட்டல் ஆட்டியிருக்கு, அதுக்கு மேல இல்ல. ஒனக்குச் சக்கர உண்டா இல்லையான்னு பாத்துட்டு டாக்டரக் கேட்டுச் செய். எச்சி வத்துன வாயில இனிப்பு ஒட்டிக்கெடந்தா பல்லு சொத்தையாயிரும், அதையும் பாத்துக்கோ. முக்கியமா, சந்தையில அம்பது ரூவாய்க்கு 'மலைத்தேன்'னு விக்கிறானே, அந்த மலை எந்த மலைன்னு கேட்டுட்டு வாங்கு.

பல்லுன்னதும் ஞாபகம் வருது. ஆட்டம் கண்ட கடவாப்பல்லு ஒண்ணு வச்சிருக்கியே, அதக் கரண்டுக்கு முன்னாலயே பல் டாக்டருகிட்டக் காட்டிரு. புடுங்கணும்னா இப்பவே புடுங்கி, காயம் ஆறுன பெறகு கரண்டு வைக்கணும். திங்கக்கெழமைன்னு தேதி குடுத்தாலும், பல்லு பாக்கலன்னு சொல்லு, அவுகளே தள்ளி வைப்பாக. கரண்டு வாங்குன தாடையில பின்னால புடுங்கப்போனா எலும்பே சேராம அழுகிப்போறதுண்டு.

சரி, சோடாத் தண்ணி கலக்கியாச்சு. இனிமேத்தான் ஒன் வண்டவாளம் தெரியும். கலக்குறது ஒம் பொண்டாட்டி, கொப்புளிக்க வேண்டியது நீ. எந்திரிச்சதும், ஒவ்வொரு தடவ சாப்பிட்டதும், படுக்கப்போகையில, இதுபோக எடையில நாலு மணிக்கு ஒருக்கா. புண்ணு விழுந்துட்டா ரெண்டு மணிக்கு ஒருக்கா, ராத்திரி முழிப்பு வந்தாலும் ஒரு வாய். வெதுவெதுப்பா ஊத்தி, அர நிமிசமாவது எல்லாப் பக்கமும் ஓடவிட்டுத் துப்பு. முழுங்காத. மெத்துன்னு இருக்குற பிரஷ்ஷால பல்ல வெளக்கு, நுரை பொங்குற காரப் பேஸ்ட் வேண்டாம். நான் பாத்த வரைக்கும் ஆம்பளைக மொத வாரம் ஒழுங்காச் செய்வான், ரெண்டாவது வாரம் 'அதான் ஒண்ணுமில்லையே'ம்பான், மூணாவது வாரம் புண்ணு வந்ததும் 'செஞ்சும் வந்துருச்சே'ம்பான். பொம்பளைக சத்தமில்லாம பாட்டில இடுப்புல சொருகிட்டு பஸ் ஸ்டாண்டுலயே கொப்புளிச்சுத் துப்பிட்டுப் போவாக. மீசைய வச்சு என்ன பிரயோசனம்?

மீசைன்னதும் இன்னொண்ணு. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும். 'பரவால்லீங்க டாக்டர்'னு பல்லக் கடிச்சுச் சொல்லிட்டு வெளிய வந்து எங்கிட்ட அழுத பெரிய மனுசங்களப் பாத்திருக்கேன். கொப்புளிக்கிற தண்ணியால மட்டும் தாங்கக்கூடிய வலி இல்ல இது. மாத்திர உண்டு, ஒட்டுற மருந்து உண்டு, அதுக்கு மேல மார்பின் உண்டு. கரண்டும் கீமோவும் சேந்து வாங்குறவுகளுக்கு 0.2 சதவீத மார்பின் கலந்த கொப்புளிப்புத் தண்ணியவே குடுத்துப் பாக்கலாம்னு அந்த வழிகாட்டியில இருக்கு. மார்பின்னதும் 'அபினாச்சே, பழகிருமே'ன்னு கண்ண உருட்டாத. இருவது வருசமாப் பொகையிலயப் பழகிக்கிட்டு, டாக்டரு அளந்து குடுக்குற வலி மருந்துக்குப் பயப்படுறவன இப்பத்தான் பாக்கேன். மலச்சிக்கல் வரும், அதுக்கும் சேத்து மருந்து கேட்டு வாங்கிக்கோ. சில ஆசுபத்திரியில சின்ன லேசரு வெளிச்சத்த வாய்க்குள்ள காட்டி புண்ணத் தடுக்காக. வெளிச்சத்தால வந்த புண்ண வெளிச்சத்தாலயே தடுக்கான்னு நான்கூடக் கிண்டலடிச்சேன். அதுக்கும் வழிகாட்டி பலமாவே ஆதரவு சொல்லுதுன்னு பேத்தி சொன்னா, வாய மூடிக்கிட்டேன். ஒங்க ஆசுபத்திரியில இருக்கான்னு கேட்டுப் பாரு.

பொகையிலன்னு சொன்னதும் ஏன் வேட்டி மடிப்பத் தடவுற? அந்தப் பொட்டலம் அங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், ஒம் பொண்டாட்டிக்கும் தெரியும். குட்காவ சர்க்காரு 2013லயே தட பண்ணியாச்சு. ஒன் வேட்டிக்கு மட்டும் கவர்மெண்டு ஆர்டரு இன்னும் வந்து சேரல போல. கரண்டு வைக்கையில பொகையிலையும் பீடியும் கூட இருந்தா புண்ணு பெருசாகும், கரண்டும் முழுசா வேல செய்யாது. இந்தா, திண்ணையில வச்சிட்டுப் போ. நான் திங்க மாட்டேன், சாணிக்குழியில போட்டுருதேன்.

இம்புட்டு ஏன் தொண்டத்தண்ணி வத்தப் பேசுதேன்னு கேளு. மூணு நாலாவது வாரத்துல வாய் வெந்து, சோறு எறங்காம, 'மாமா, ஒரு வாரம் விட்டுட்டுப் பெறகு வச்சுக்கிடுவோம்'னு ஒரு நாள் காலையில நீ கட்டில விட்டு எந்திரிக்க மாட்ட. அந்தக் காலையப் பல வீட்டுல நான் பாத்திருக்கேன். எடையில விட்டா கட்டி சும்மா இருக்காது, மிச்சமிருக்குற செல்லு வேகமாப் பெருகும். கரண்டு ஒரு நாள் நீண்டாலே கட்டி அடங்குற வாய்ப்பு நூத்துக்கு ஒண்ணு, ஒண்ணரைன்னு கொறையும்னு டாக்டருக கணக்கு சொல்றாக. கொப்புளிக்கிறது, வலி மருந்து, கூழு, முட்ட, டியூப்பு எல்லாமே ஒன்ன அந்த முகமூடிக்குள்ள தெனம் தவறாமப் படுக்க வைக்கத்தான். வாரா வாரம் எடை பாக்கையில சட்டைப் பையில செல்போன வச்சு எடையக் கூட்டிக் காட்டாத, ஒருத்தரு காட்டுனாரு. காச்சல் வந்தா, தண்ணிகூட எறங்கலன்னா, ரத்தம் கசிஞ்சா அன்னைக்கே போய்ச் சொல்லு. வாயில தயிர்த் துணுக்கா வெள்ளையா ஒட்டிக்கிட்டு இருந்தா அது பூஞ்சக் காளான், அதுக்குத் தனி மருந்து உண்டு, சோடாவுக்குக் கேக்காது.

கடைசி நாள் மிஷின் ரூம்ல எல்லாருக்கும் லட்டுக் குடுத்துட்டு வருவ. அடுத்த ஒண்ணு ரெண்டு வாரம் புண்ணு இன்னும் மோசமாக்கூட இருக்கும், லட்டுக்குக் காசு போச்சேன்னு தோணும். கரண்டு நின்னாலும் அது செஞ்ச வேல ஒடனே நிக்காது. கொப்புளிக்கிறத விட்டுராத, ரெண்டு வாரத்துல இருந்து நாலு வாரத்துக்குள்ள பெரும்பாலும் ஆறிரும், சிலபேருக்கு இன்னும் கொஞ்சம் இழுக்கும். நாக்குல ருசி திரும்ப மாசக்கணக்காகும். அதுவரைக்கும் உப்பில்ல, ஒறப்பில்லன்னு பொண்டாட்டி மேல தட்ட வீசாத. இந்த வீட்டுச் சமையலக் கொற சொல்ற உரிம இப்போதைக்கு எனக்கு மட்டுந்தான் உண்டு. ஒங்கம்மா, எந் தங்கச்சி, வச்ச ரசத்த நாப்பது வருசமாக் குடிக்கேன், எனக்கு நாக்கு நல்லாவே இருக்கு. போ, போயி அந்த சோடா டப்பாவுல இருக்கா இல்லையான்னு பாரு.